கொடைக்கானலுக்கு முன் கீழக்குயில்குடி

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளி நாட்களில் காலையில் வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். மருத்துவர் பார்த்துவிட்டு, உடம்பில் கோளாறில்லை, மனப்பதற்றம்தான் என்றார். இரவில் "உனக்கு ஏதாவது ஆகிவிடுமா அம்மா?" என்று ஓயாமல் கேட்கிறாள். மலை, காடு என்று கூட்டிப்போனால் சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். கோடையில் கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கலாமா? அதுவரை, அழும் நாட்களில் விடுப்பு எடுக்க விடலாமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

கொடைக்கானல் போய் வாருங்கள். ஆனால் கோடை வரை காத்திருக்க வேண்டாம். மதுரையில் குன்றுக்கா பஞ்சம்? கீழக்குயில்குடியில் சமணமலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி, 2022-இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ராஜாளிகள் பறக்கும் இடம்.

டென்மார்க்கில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வயதுவரை பசுமை மிகக் குறைந்த இடங்களில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மனநலக் கோளாறு வரும் வாய்ப்பு 55 சதவீதம் வரை கூடுதலாக இருந்தது. பசுமைக் குறைவுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனால் பசுமையின் அருகே வாழ்ந்த ஆண்டுகள் கூடக்கூட அந்த வாய்ப்பு குறைந்திருந்தது. அதனால்தான், வருடத்தில் ஒரு வாரத்தைவிட வாரத்தில் ஒரு காலை மேல் என்கிறேன்.

வெயில் ஏறுமுன் போங்கள். அவள் அப்பாவும் வரட்டும். செல்பேசிகள் பையிலேயே கிடக்கட்டும். பறவையின் பெயர் சொல், செடியின் பெயர் சொல் என்று அங்கேயும் பாடம் நடத்தாதீர்கள். "இப்போது பயமாக இருக்கிறதா?" என்று கேட்கவும் வேண்டாம். எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்தால் உட்காரட்டும். பாறைப்படியில் ஏற அஞ்சினால் ஏறிய மட்டும் போதும்; அடுத்த வாரம் இன்னும் இரண்டு படி. அஞ்சியதைச் செய்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று பிள்ளை தானே கண்டுகொள்ள வேண்டும். நாம் நூறு முறை சொல்லும் ஆறுதலுக்கு அந்த வலு கிடையாது. எதிரில் உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்காத பிள்ளைகள், கூட நடக்கும்போது தாமாகவே பேசுவார்கள். அப்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.

விடுப்பு மட்டும் வேண்டாம். அன்றைக்கு வயிற்றுவலி நின்றுவிடும், மறுநாள் பயம் இன்னும் பெருகும். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், அங்கே யாராவது அவளை மிரட்டுகிறார்களா என்று தெரிய வேண்டும். அப்படியிருந்தால் அதை முதலில் நிறுத்தியாக வேண்டும், மலையேறித் தீராது. சில வாரங்களாகியும் தூக்கமும் பள்ளியும் கெட்டுக்கொண்டே போனால், தயங்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.