போர் விமானியாக இருந்த பெரியப்பாவின் பணிக்காலத்தை எப்படி எழுதுவது?

கேள்வி: எங்கள் பெரியப்பா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1963-இல் இந்திய விமானப்படையில் அதிகாரியாகச் சேர்ந்து, முதலில் நாட் விமானத்தையும் பிறகு மிக்-21 விமானத்தையும் ஓட்டியவர். விங் கமாண்டராக ஓய்வு பெற்று, திருமங்கலத்தில் வாழ்ந்து மறைந்தார். பறந்த விவரங்களைப் பதிந்த அவருடைய லாக் புத்தகமும் பதக்கங்களும் ஒரு பெட்டி நிறையப் படங்களும் கடிதங்களும் எங்களிடம் இருக்கின்றன. நினைவு நாளுக்கு ஒரு சிறு நூல் அச்சிட எண்ணுகிறோம். 1965 போரில் அவர் பாகிஸ்தானின் சேபர் போர் விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை என்கிறார் பெரியம்மா. எதை நம்புவது, எங்கே தொடங்குவது?
வாசகி, திருமங்கலம்

பதில்: லாக் புத்தகத்தில் தொடங்குங்கள். போர் விமானி ஒருவர் தம் கைப்பட, அன்றன்றைக்கே எழுதி, மாத இறுதியில் மேலதிகாரியின் கையொப்பம் பெற்ற பதிவு அது ஒன்றுதான். உறவினர் நினைவும் ஊர்ப்பேச்சும் அதற்கு அடுத்த இடத்தில்தான் வர வேண்டும். ஒவ்வொரு வரியிலும் தேதி, விமானத்தின் வகை, அதன் எண், ஓட்டியவர் பெயர், மேற்கொண்ட பணி, பறந்த நேரம் ஆகியவை இருக்கும். விமான எண்ணின் முன்னெழுத்தே வகையைக் காட்டிக்கொடுக்கும்: நாட் என்றால் ஐ.இ., ஹண்டர் என்றால் பி.ஏ., மிக்-21 என்றால் சி. பணிக்கான கட்டத்தில் சுருக்கெழுத்துகள் நிறைந்திருக்கும், சி.ஏ.பி. என்பது எதிரி விமானம் வராமல் வானில் காவல் சுற்றுவது, டி.சி.ஓ. என்பது ஒப்படைத்த பணி முடிந்தது என்பது. புரியாத சுருக்கத்தை ஊகித்து விரிக்காமல், அப்படியே படியெடுத்து வைத்து, ஓய்வுபெற்ற விமானப்படை அதிகாரி ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

பறந்த நேரம் பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி என்றே இருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம். நாட் சிறிய விமானம்; எரிபொருளும் அதற்கேற்ற அளவுதான். மொத்த மணிக்கணக்கைப் பயணிகள் விமானம் ஓட்டியவரோடு ஒப்பிடுவது பொருந்தாது. இன்னொன்றையும் கவனிப்பீர்கள்: இருபது, இருபத்தைந்து ஆண்டுப் பணியில் போர் நடந்த நாள்கள் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். மற்றப் பக்கங்கள் முழுவதும் பயிற்சி, இரவுப் பறப்பு, இலக்கை நோக்கிச் சுடும் பயிற்சி, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது என்றுதான் இருக்கும். நூலிலும் அந்த விகிதம் இருக்கட்டும் என்பது என் கருத்து. போர்ப் பக்கங்களை மட்டும் பெரிதாக்கினால், அவர் வாழ்நாளெல்லாம் செய்த வேலை நூலில் இடம்பெறாமலே போய்விடும்.

அடுத்துப் பதக்கங்கள். அவற்றின் விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்; பெயரும் சேவை எண்ணும் பெரும்பாலும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் இல்லாமல் தில்லியில் உள்ள விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுதும் கடிதம் எதுவும் நகராது. 1965-க்குச் சமர் சேவா ஸ்டார், ரக்ஷா பதக்கம் என்று இரண்டு உண்டு. முன்னது போர் நடவடிக்கைப் பகுதியில் இருந்தவர்களுக்கு, பின்னது படையில் இருந்தவர்களுக்குப் பரவலாக வழங்கப்பட்டது. 1971 போருக்குப் பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை, பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. ஆகவே அவர் எந்தப் போரில் எங்கே இருந்தார் என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தப் பெட்டியிலேயே கிடக்கிறது.

இப்போது சேபர் விவகாரம். அந்தப் போர்களில் வான்மோதலில் எதிரி விமானத்தை வீழ்த்தியதாக ஏற்கப்பட்ட விமானிகளுக்குப் பெரும்பாலும் வீர் சக்ரா வழங்கப்பட்டது. விருது பெற்றவர் பட்டியல் பாதுகாப்பு அமைச்சகத்தின் வீர விருதுகள் இணையதளத்திலும் இந்திய அரசிதழிலும் எவரும் பார்க்கக்கூடியது. அந்தப் பட்டியலில் அவர் பெயர் இல்லை, 1965 செப்டம்பர் மாத லாக் பக்கங்களிலும் மோதல் குறித்த குறிப்பு இல்லை என்றால், பெரியம்மா சொல்வதையே ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்கப்பட்ட வெற்றிகளிலும் சர்ச்சை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்: 1965 செப்டம்பர் 3 அன்று நாட் பெற்றதாகப் பதிவான முதல் வெற்றியைக் குறித்தே, அந்தச் சேபர் சேதத்தோடு தளம் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் தரப்பின் வாதம். மாறாக, சொல்ல ஆளில்லாமல் மறைந்துகிடந்த உண்மையும் உண்டு. 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத் தாக்குதலுக்குச் சென்று திரும்பாத ஸ்குவாட்ரன் லீடர் தேவய்யா, தம் மிஸ்டேர் விமானத்தைக் கொண்டு பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் போர் விமானம் ஒன்றை வீழ்த்தினார் என்பது பாகிஸ்தான் தரப்புத் தகவல்கள் நூலாக வெளிவந்த பிறகே தெரியவந்தது. 1988-இல்தான் அவருக்கு மகாவீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. அதனால் ஊர்ப்பேச்சை அடியோடு நீக்கவும் வேண்டாம், உண்மையென்று எழுதவும் வேண்டாம். ‘ஊரில் இப்படிச் சொல்வதுண்டு, அவருடைய லாக் புத்தகத்தில் இதற்குப் பதிவில்லை’ என்று இரண்டே வரியில் முடித்துவிடலாம். அவர் தாமாகச் சொல்லிக்கொள்ளாத பெருமையை இறந்த பிறகு அவர் தலையில் ஏற்றுவது மரியாதையாகாது.

அரசு ஆவணங்களுக்கு, குடும்ப ஓய்வூதியம் பெறுபவர் என்ற முறையில் பெரியம்மாவின் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். சேவை எண், பதவி, ஓய்வூதிய ஆணையின் நகல் ஆகியவற்றோடு பணி விவரச் சுருக்கம் கேட்டு விமானப்படைத் தலைமையகத்துக்கு எழுத வேண்டும். மதுரையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் கடிதத்தை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று வழிகாட்டுவார்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 20 ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலைத் தர வேண்டும் என்று அதன் 8(3) பிரிவு சொன்னாலும், நாட்டின் பாதுகாப்பு என்ற விலக்கு அதற்குப் பிறகும் பொருந்தும். ஆகையால் ‘போர்ப் பணிகள் அனைத்தும்’ என்று கேட்காமல், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்த ஸ்குவாட்ரனில் (விமானப் பிரிவில்) இருந்தார் என்று குறுக்கிக் கேளுங்கள்.

பெரியம்மாவிடம் பேசும்போது ஆண்டுகளைக் கேட்காதீர்கள். எந்தக் குழந்தை எந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தது, எந்தக் குவார்ட்டர்ஸில் தண்ணீர்க் கஷ்டம், விடுப்பில் ஊருக்கு வர எங்கெங்கே ரயில் மாறினார்கள் என்று கேட்டால், பணியிடங்கள் வரிசையாக வந்து விழும். கடித உறைகளில் ஊர்ப்பெயர் இருக்காது, 56 ஏ.பி.ஓ. (படையினருக்கான தபால் நிலையம்) என்றோ 99 ஏ.பி.ஓ. என்றோதான் இருக்கும். பின்னது கிழக்குப் பகுதிக்கான தபால் முகவரி.

பாதுகாப்பு விஷயத்தில் நம் வீடுகளின் வழக்கங்கள் சிலவே எதிரி. பதக்கங்களைப் புளி போட்டோ திருநீறு போட்டோ தேய்க்க வேண்டாம். பொறித்த எழுத்து மழுங்கும், நாடா கறைபடும். விமானத்தின் அருகே அவர் நிற்கும் மூலப் படத்துக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்தால், உடனே இறக்கிவிட்டு நகலை மாட்டுங்கள்; ஈரச் சந்தனமும் விளக்குப் புகையும் படத்தின் மேற்பரப்பைத் தின்றுவிடும். லாக் புத்தகத்தை லேமினேட் செய்யவோ கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டவோ கூடாது. பக்கங்களை அதிகத் துல்லியத்தில் ஸ்கேன் செய்து மூன்று இடங்களில் சேமித்து வையுங்கள். படங்களின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்ய மறவாதீர்கள். பெயர்களும் தேதியும் பென்சிலில் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

தில்லிக்கான கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், ஏனெனில் பதில் வரத் தாமதமாகலாம். அதற்குள் நினைவு நாள் வந்துவிட்டால், லாக் புத்தகத்தையும் பெரியம்மாவின் பேச்சையும் மட்டும் கொண்டு முதல் பதிப்பை அச்சிடுங்கள். உறுதியாகாத இடங்களை வெற்றிடமாகவே விடலாம்.