கொழுஞ்சி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எங்கள் மேய்ச்சல் தரிசில் ஊதாப் பூப் பூக்கும் செடி ஒன்று மண்டிக் கிடக்கிறது. கொழுஞ்சி என்கிறார்கள் சிலர், அவுரி என்கிறார்கள் சிலர். எப்படி உறுதி செய்வது?

பதில்: சிற்றிலை ஒன்றை அடியில் பிடித்துக்கொண்டு நுனியை இழுத்துப் பாருங்கள். குறுக்கே நேராக அறாமல், பக்க நரம்புகளின் போக்கிலேயே கவட்டையாகக் கிழிந்தால் அது கொழுஞ்சி. கிழிந்த துண்டு அம்பின் இறகுக்கட்டுப் போலத் தோன்றுவதால்தான் வடமொழியில் சரபுங்கம் என்று பெயர் பெற்றது. காயும் தட்டையாக, சற்றே வளைந்திருக்கும். அவுரிக்காயோ மெலிந்து உருண்டிருக்கும்.

கேள்வி: மாடு தொடாத செடியால் என்ன பயன்? அழித்துவிடலாமா?

பதில்: அழிக்காதீர்கள். மாடு மேயாததையே இதன் பெரிய நன்மையாக நான் கருதுகிறேன்; அறுவடைக்குப் பின் கால்நடைகளை அவிழ்த்துவிடும் ஊர்களில், வேலியில்லாத ஒருபோக நிலத்திலும் கோடை முழுவதும் நின்று வளரும் பசுந்தாள் உரம் இது. அவரைக் குடும்பத்துச் செடியாதலால், இதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குச் சேர்க்கின்றன. எக்டருக்கு 3 முதல் 4 டன் வரை தழை கிடைக்கும். பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட வேண்டும். காய் முற்றும்வரை விட்டால் தண்டு நார் பாய்ந்து, மட்குவதற்கு நாளாகும். வரப்போரத்தில் சில செடிகளை மட்டும் காய்க்க விட்டால், உதிரும் விதை அடுத்த பருவத்தில் தானே முளைக்கும். மணற்பாங்கான நிலத்துக்கு ஏற்றது. நீர் தேங்கினால் தாங்காது.

கேள்வி: விதைத்தும் சரியாக முளைக்கவில்லையே?

பதில்: மெழுகு பூசியது போன்ற விதையுறைக்குள் நீர் புகுவதில்லை. மணலுடன் கலந்து உரலில் இலேசாக இடித்தோ, கொதிநீரில் 2 முதல் 3 நிமிடம் வைத்து எடுத்தோ விதையுங்கள். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும்.

கேள்வி: காமாலைக்கு இதன் வேரைக் கஷாயமாக வீட்டிலேயே வைத்துக் குடிக்கலாமா?

பதில்: கல்லீரல், மண்ணீரல் கோளாறுகளுக்குச் சித்த மருத்துவம் கொழுஞ்சி வேரை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஆனால் கண் மஞ்சளிப்பது கிருமித் தொற்றாலும் நேரும், பித்தநாளத்தைக் கல் அடைப்பதாலும் நேரும். அடைப்பு இருக்கும்போது கஷாயத்தை நம்பி நாள் கடத்துவது உயிருக்கே ஆபத்து. வேரில் மீன்களை மயங்கச் செய்யும் ரோட்டினாய்டு வகைப் பொருள்களும் உண்டு. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிறகு அந்த அறிக்கையோடும், காயும் வேருமாகப் பிடுங்கிய ஒரு முழுச் செடியோடும் பதிவுபெற்ற சித்த மருத்துவரைப் பாருங்கள். கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் நீங்களாகக் கொடுக்கவே வேண்டாம்.