சிப் தயாரிப்பில், மின்னூட்டப்பட்ட வாயுவால் படலத்தை அரித்தெடுக்கும் பிளாஸ்மா எட்சிங் முடிந்துவிட்டது என்று சென்சாருக்கு எப்படித் தெரிகிறது? இதில் ஏஐ எதற்கு?

வெளிச்சத்தை வைத்துத்தான். ஃபுளூரோகார்பன் பிளாஸ்மாவில் சிலிக்கான் ஆக்சைடு அரிபடும்போது கார்பன் மோனாக்சைடு உருவாகி, 483.5 நானோமீட்டரில் ஒளிரும். ஆக்சைடு தீர்ந்ததும் அந்த ஒளி இறங்கும். நிறுத்த வேண்டிய தருணம் அதுதான்.

சிக்கல் காண்டாக்ட் துளைகளில், அதாவது மின் இணைப்புக்காக ஆக்சைடில் போடும் நுண்துளைகளில் வருகிறது. வேஃபர் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தட்டு) பரப்பில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே திறந்திருந்தால், அந்த இறக்கம் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால்தான் ஒற்றை அலைநீளத்தை நம்பாமல், 200 முதல் 800 நானோமீட்டர் வரை முழு நிறமாலையையும் ஏஐ மாடலுக்குக் கொடுக்கிறார்கள். பல நிறமாலைக் கோடுகள் சேர்ந்து லேசாக அசைவதை அது பிடித்துவிடும்.

ஆனால் மாடலுக்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள். சென்சார் ஒளியைப் பார்க்கும் குவார்ட்ஸ் ஜன்னலில் பாலிமர் படியப் படிய, குறுகிய அலைநீளங்கள் அதிகமாக மங்கும். மாடல் அதையே செயல்முறை மாற்றம் என்று எடுத்துக்கொள்ளும். எட்சிங் நடக்கும் சேம்பரைக் கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஓடிய வேஃபர்கள் இரண்டுமே பயிற்சித் தரவில் கட்டாயம் இருக்க வேண்டும்.