ஸ்டூடியோக்காரரின் பெட்டிகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. ஊட்டி காந்தலில் 1974-இல் போட்டோ ஸ்டூடியோ வைத்தவர், 2012-இல் மூடினார். சீசனில் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு பொட்டானிக்கல் கார்டனில் டூரிஸ்டுகளைப் படம் பிடிக்கப் போய்விடுவார். மறுநாள் காலையில் லாட்ஜில் பிரிண்ட் போய்ச் சேர்ந்துவிடும். காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள், "பிழைக்கத் தெரியாத மனுஷன், டிஜிட்டல் வந்தபோதே மாறியிருக்கணும்" என்று பேசிவிட்டுப் போனார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பரணில் தகரப் பெட்டிகள் நிறைய நெகட்டிவ். ஃபிலிமில் இருக்கும் வெள்ளிக்காக வாங்கும் ஒருவரை அக்கா வீட்டுக்காரர் கூட்டிவந்து விலையும் பேசிவிட்டார். அம்மா வாயே திறப்பதில்லை. அவருக்கும் ஸ்டூடியோவுக்கும் சம்பந்தமில்லை, வீட்டுப் பின்கட்டு டார்க் ரூமில் பிரிண்ட் கழுவித் தருவதோடு சரி. அதற்கே விரலிடுக்கெல்லாம் எப்போதும் சொறி, சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பார். பெட்டிகளைக் கொடுத்துவிடலாமா?

(பெயர் வேண்டாம்), கோயமுத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் அந்தச் சொறி.

பிரிண்ட் கழுவும் தண்ணீரில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஹைப்போ, படத்தை நிலைக்க வைக்கும் ரசாயனம். விரலிடுக்கில் சொறி கிளப்புவதில் பேர் பெற்றது மெட்டால். அது டெவலப்பரில், அதாவது பேப்பரில் படத்தை வரவழைக்கும் திரவத்தில், இருக்கும் ரசாயனம். நான் டாக்டர் இல்லை, சவுக்காரமாகவும் இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுதியதையே சேர்த்துப் பாருங்கள். பகலெல்லாம் பூங்காவில் நின்ற மனிதர், மறுநாள் காலையில் பிரிண்ட் கொடுக்கிறார். ராத்திரி டெவலப்பர் டிரேக்கு முன்னால் நின்றது யார்?

ஊட்டியில் அது லேசான வேலையும் இல்லை. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் வெளியே பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். 12, 13 டிகிரிக்குக் கீழே போனால் டெவலப்பரில் உள்ள ஹைட்ரோகுவினோன் அனேகமாக வேலை செய்யாது, படம் வெளிறிப்போய் வரும். அதனால் டிரேயைச் சுடுதண்ணீர்த் தட்டுக்குள் இறக்கி வைத்து, அது ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிவப்பு பல்பு வெளிச்சத்தில், இடுக்கி இல்லாவிட்டால் விரலாலேயே பேப்பரைப் புரட்டிப் புரட்டி. அம்மாவிடம் ஒருநாள் சும்மா கேட்டுப் பாருங்கள், சுடுதண்ணீரை எத்தனை தடவை மாற்றுவீர்கள் என்று. கேட்காததால்கூட அவர் பேசாமல் இருக்கலாம்.

இரண்டு பேர் உழைப்பில் ஓடிய கடைக்கு ஒருவர் பெயரில் போர்டு. நம் ஊர்ச் சின்ன வியாபாரம் பலதும் இப்படித்தான். நன்றாக ஓடினால் அவர் சாமர்த்தியம், படுத்தால் அவர் அசட்டுத்தனம். அம்மா இரண்டிலும் கணக்கில் வருவதில்லை.

அப்புறம், பிழைக்கத் தெரியாதவர் என்ற பேச்சு. 38 வருஷம் கடை நடத்தியவரைச் சொல்கிற பேச்சா இது? அவரை முதலில் அடித்தது டிஜிட்டல் அல்ல, கலர். கறுப்பு வெள்ளையில் எல்லா வேலையும் உங்கள் பின்கட்டிலேயே முடிந்தது, லாபமும் அங்கேயே தங்கியது. கலர் வந்ததும் சின்ன ஸ்டூடியோக்கள் ரோலை வாங்கி வெளியூர் லேபுக்கு அனுப்பிவிட்டுக் கமிஷனுக்குக் காத்திருக்கும் இடமாகிவிட்டன. அம்மாவின் வேலையும் அப்போதுதான் போயிருக்கும். காந்தலுக்குப் பக்கத்திலேயே இந்துநகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் இருந்தது. 1960-இல் தொடங்கி, 1967-இல் உற்பத்திக்கு வந்த மத்திய அரசு நிறுவனம். அரசாங்கப் பணம் பின்னால் இருந்தும் மூடப்பட்டது. அமெரிக்காவில் கோடாக் திவால் மனு போட்டது 2012 ஜனவரியில். அப்பா கடையை மூடியதும் அதே வருஷம். கோடாக்குக்குத் தெரியாத பிழைப்பு காந்தல்காரருக்கு மட்டும் எப்படித் தெரிந்திருக்கும் என்று அந்தச் சொந்தக்காரர்களைக் கேட்டிருக்கலாம். சாவு வீட்டில் யார் கேட்பது!

இனி பெட்டிகள். வெள்ளிக்காரர் கொடுக்கும் காசு ஒரு தடவை வரும். ஆனால் இலங்கைத் தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்க வழிசெய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து வந்து நீலகிரித் தோட்டங்களில் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் படம் என்று இருப்பது ஒன்றோ இரண்டோதான். அதுவும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. கேட்டு யாராவது வந்தால் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள். வலையில் ஏற்றவோ காலண்டருக்கு விற்கவோ வேண்டாம். காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், 1957 பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமை காசு கொடுத்தவருக்குத்தான்.

திறக்கும்போது வினிகர் வாடை அடிக்கும் பெட்டியைத் தனியே எடுத்து வையுங்கள். ஃபிலிமே அழிய ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். பூஞ்சை பிடித்ததைத் தண்ணீரில் கழுவ வேண்டாம், மேல்பூச்சு கரைந்து வந்துவிடும். ஊட்டி மழைக்குப் பரண் ஆகாது. காற்றோட்டமான அறையில் இரும்பு அலமாரி போதும்.

விலை பேசுவதற்கு முன் இன்னொன்று. உயில் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்பா தாமாகச் சம்பாதித்ததில் அம்மாவுக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரி பங்கு. அப்பாவின் தாயார் இருந்தால் அவருக்கும் ஒன்று. மருமகனுக்குப் பங்கு கிடையாது. இதைச் சண்டையாக்காமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.

உங்கள் கடிதத்தில் ரெஜிஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நெகட்டிவ் நம்பர், தேதி, பேர், ஊர் எழுதிய நோட்டுகள் எங்காவது இருக்க வேண்டும். தேடுங்கள், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தேடுங்கள். நோட்டில் எத்தனை பக்கம் அவர் கையெழுத்து என்பதையும் பாருங்கள். நோட்டும் கிடைக்காமல், அம்மாவாலும் முகங்களை அடையாளம் சொல்ல முடியாமல் போனால், பெட்டிகளில் முக்கால்வாசி யாருக்கும் உதவாது. அப்போது அக்கா வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்பதில் தப்பில்லை.