வாசகர் கேள்வி பதில்: இத்தாலி ஒயின் ரூட்டுக்கு எத்தனை நாள் வேணும்?

கேள்வி: அக்டோபர்ல பத்து நாள் இத்தாலி போறோம், நானும் வீட்டுக்காரரும். டஸ்கனி, பியட்மான்ட், பார்மா, சிசிலி நாலு ஒயின் ரூட்டையும் முடிச்சிடலாமா?

பதில்: முடிச்சிடலாம்மா, கார் கண்ணாடி வழியா பாக்கறதுன்னா. ஸ்ட்ராடா டெல் வினோன்னு அங்க சொல்றது ஹைவே மாதிரி ஒரே ரோடு இல்ல, ஒரு வட்டாரத்துல இருக்கற திராட்சைத் தோட்டம், ஒயின் பண்ணுற இடம், பண்ணை வீடு, சாப்பாட்டுக் கடை எல்லாத்தையும் சேர்த்து ஒரு பேர் வச்சிருக்காங்க, அவ்வளவுதான். அதனால சுத்தறதுக்குள்ள பாதி நேரம் குறுக்கு சந்துலதான் போகும், அதுல ஒரு ஊரை முழுசா பாக்கறதுதான் ருசி. நானே ஒரு தடவை ஒரே நாள்ல நாலு ஒயினரின்னு பிளான் போட்டு மூணாவதுல எது எதுன்னே தெரியாம பேந்தப் பேந்த முழிச்சிருக்கேன். ஒரு நாளைக்கு ரெண்டு, அதுக்கு மேல வேணாம்.

அக்டோபர்னா நான் பியட்மான்ட்ல லாங்கே பக்கம்தான் சொல்வேன். பரோலோ, லா மோர்ரா, பார்பரெஸ்கோன்னு குன்றுக்கு ஒரு ஊர், எல்லாம் கிட்டக் கிட்ட, 2014ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்தாச்சு. நெபியோலோ திராட்சை லேட்டாத்தான் பழுக்கும், அதனால அறுவடையே கண்ணுல பட்டாலும் படும். அதுலருந்து வர்ற பரோலோ ஒயின் 38 மாசத்துக்கு முன்னாடி வெளிய வரவே கூடாது, அதுல 18 மாசம் மரப் பீப்பாய்ல. அதே நேரம் பக்கத்துல ஆல்பாங்கற ஊர்ல வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில விளையற வாசனைக் காளான்) திருவிழாவும் நடக்கும், தயாரின்னு மெல்லிசா முட்டை பாஸ்தா மேல சீவிப் போடுவாங்க, ஆனா ட்ரஃபிளுக்கு கிராம் கணக்குல காசு, சீவறதுக்கு முன்னாடி ரேட்டு கேட்டுக்கோங்க. சனி ஞாயிறுல ரூம் கிடைக்கறது கஷ்டம், வாரநாள்ல போங்க.

கேள்வி: நாலு பேர் போறோம், எல்லாருக்கும் டேஸ்ட் பண்ணணும். வண்டி யார் ஓட்டறது?

பதில்: இதைத்தான் முதல்ல பேசி முடிக்கணும். ரத்தத்துல ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் தாண்டுனா ஃபைன், லைசென்ஸ் எடுத்து மூணு வருஷம் ஆகலைன்னா சுத்தமா பூஜ்யம்தான். முறை வச்சு ஓட்டுங்க, ஓட்டறவர் வாயில வச்சுப் பாத்துட்டு துப்பிடலாம், அதுக்குன்னே ஜாடி வச்சிருப்பாங்க, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. லைசென்ஸோட இன்டர்நேஷனல் பர்மிட்டும் எடுத்துக்கோங்க. பழைய ஊர் நடுவுல ஸெட்.டி.எல்.னு (வெளி வண்டிக்குத் தடை இருக்கற பகுதி) போர்டு பாத்தா உள்ள போகாதீங்க, கேமரா படம் எடுத்துடும், ஃபைன் வீடு வந்து சேரும். இந்தத் தொல்லையே வேணாம்னா பார்மா, ரெஜ்ஜோ, மோதெனா, பொலோன்யா எல்லாம் ஒரே ரயில் லைன்ல இருக்கு, அங்க போங்க.

கேள்வி: நாங்க குடிக்க மாட்டோம், சைவம் வேற. எங்களுக்கு அங்க என்ன இருக்கு?

பதில்: நிறைய இருக்கு, ஆனா ஒரு விஷயத்தை நேரா சொல்லிடறேன். பார்மிஜானோ சீஸ் பண்றதை காலைல பாக்கலாம், சக்கரம் மாதிரி இருக்கற ஒரு சீஸ் கட்டிக்கு சுமார் 550 லிட்டர் பால், குறைஞ்சது 12 மாசம் அலமாரில உக்காரும், ஆனா பாலைத் திரிய வைக்கறது கன்னுக்குட்டி வயித்துலருந்து எடுக்கற பொருள். பாக்கறதுக்கு அற்புதம், சாப்பிடறது உங்க முடிவு. மோதெனாவுல பழைய முறை பால்சாமிக் வினிகர் பாருங்க, திராட்சைச் சாறைக் காய்ச்சி பரண்ல ஒன்னை விட ஒன்னு சின்னதா வரிசையா பீப்பாய் வச்சு மாத்தி மாத்தி ஊத்துவாங்க, 12 வருஷம், எக்ஸ்ட்ராவெக்கியோன்னா (ரொம்பப் பழசு) 25. ஒரு சொட்டு நாக்குல வச்சுப் பாத்தா கடைல வாங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு புரியும். சாப்பாட்டுக்கு "சென்சா கார்னே"ன்னு (கறி இல்லாம) மட்டும் சொன்னா பத்தாது, மீனும் வேணாம்னு தனியா சொல்லுங்க, பாஞ்யா காவ்தான்னு காய்கறியோட வர்ற சாஸ்ல நெத்திலி ஜாதி மீன் கரைஞ்சு கிடக்கும், கண்ணுக்கே தெரியாது. சூப் எதுல வேகுதுன்னும் கேட்டுடுங்க.

கேள்வி: முன்னாடியே புக் பண்ணணுமா, போற வழில நுழைஞ்சிடலாமா?

பதில்: பண்ணிடுங்க. பல இடம் குடும்பமா நடத்தறது, நீங்க போற நேரம் அவங்க தோட்டத்துல இருப்பாங்க. மத்தியானச் சாப்பாட்டை ரெண்டு மணிக்கு மேல நம்பி உக்காந்தீங்கன்னா பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான்.