நார்வேயில் காய்ச்சல் வந்தால்? – வாசகர் கேள்வி பதில்

கே: மகளும் மருமகனும் ஸ்டவாங்கருக்குக் குடிபோய் இரண்டு மாதம் ஆகிறது. உடம்புக்கு முடியவில்லை என்றால் நம் ஊர் போல நேரே போய் டோக்கன் போட முடியாதாமே? – வாசகர், அம்பாசமுத்திரம்

முடியாது. நெல்லை வண்ணார்பேட்டையில் காலையில் ஒரு ஸ்பெஷலிஸ்ட், சாயங்காலம் இன்னொருவர் என்று பார்க்கிற வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. குடியிருப்புப் பதிவு முடிந்து 11 இலக்க அடையாள எண் கைக்கு வந்ததும், ஆளுக்கு ஒரு குடும்ப டாக்டர் ஒதுக்கப்படுவார். அவருக்கு அங்கே ஃபாஸ்ட்லேகெ என்று பெயர். எதற்கும் முதலில் அவரிடம்தான். தோல் டாக்டர், இதய டாக்டர் எல்லாம் அவர் எழுதித் தரும் பரிந்துரைக்குப் பிறகுதான். பிடிக்கவில்லை என்றால் வருடத்துக்கு இரண்டு முறை மாற்றிக்கொள்ளலாம். ஹெல்செநோர்கெ என்ற அரசு இணையதளத்திலேயே முடியும். அதற்குள் நுழைய, பேங்க்ஐடி என்ற வங்கி தரும் இணைய அடையாளம் வேண்டும். அது வரும்வரை போன்தான் வழி.

இரவு, விடுமுறை நாளில் பொறுக்க முடியாத தொந்தரவு என்றால் 116117. அது லேகெவாக்ட் என்ற அவசர மருத்துவப் பிரிவின் எண். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல் என்றால் யோசிக்காமல் 113. இன்றைக்கே இரண்டு எண்களையும் இரண்டு பேர் போனிலும் ஏற்றிவிடச் சொல்லுங்கள்.

16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்குக் குடும்ப டாக்டரிடம் கட்டணம் இல்லை. பெரியவர்கள் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு கட்ட வேண்டும். ஒரு வருடத்தில் அது குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் ஃப்ரீகோர்ட் என்ற இலவச அட்டை தானாக வரும். அந்த வருடத்தின் மிச்ச நாளுக்குக் கட்ட வேண்டாம். நேரம் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் அதற்கும் பில் வரும். வர முடியாது என்றால் 24 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கே: மகள் நார்வீஜியன் வகுப்புக்குப் போகிறாள். கடையில் பேசிவிடுகிறாள், டாக்டரிடம் வாயே வரவில்லை என்கிறாள். எட்டு வயதுப் பேரன் பள்ளியில் பேசப் பழகிவிட்டான். அவனைக் கூட்டிப் போகலாமா? – வாசகி, பாளையங்கோட்டை

பேரனை விட்டுவிடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டப்படி பிள்ளைகளை அதற்குப் பயன்படுத்துவது பொதுவாகக் கூடாது. அம்மாவின் மாதவிலக்குத் தொந்தரவை எட்டு வயதுப் பையன் வாயால் சொல்ல வைப்பதும் சரியில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது டாக்டர் தரப்பின் பொறுப்பு. ஆனால் கேட்காமல் வராது. நேரம் வாங்கும்போதே, "யை ட்ரெங்ஙர் தமில்ஸ்க் டோல்க்" என்று சொல்ல வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அர்த்தம். பல சமயம் போன் வழியாகத்தான் பேசுவார். அவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்.

போனில் வருபவர் ஈழத்தமிழராக இருக்க வாய்ப்பு அதிகம். அவர் "வருத்தம்" என்றால் நோய், "சத்தி" என்றால் வாந்தி. "தடிமன்" என்றால் ஜலதோஷம்; நமக்குச் சிக்கல் இல்லை, நெல்லையில் தடுமம் என்பதுதானே. புரியாவிட்டால் உடனே கேட்கச் சொல்லுங்கள். தலையாட்டினால் போனில் தெரியாது. எதிரே இருக்கும் டாக்டருக்கோ நம் தலையாட்டல் ஆமாவா இல்லையா என்றே பிடிபடாது. "யா", "நை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியம், முந்தின நாளே ஒரு தாளில் எழுதி வைப்பது. டாக்டர் ஒதுக்கும் நேரம் கால் மணி, இருபது நிமிடம்தான். "வாய்வு பிடிச்சிருக்கு", "உடம்பு சூடு" என்றால் மொழிபெயர்ப்பாளரும் திணறுவார், டாக்டருக்கும் பயன் இல்லை. எங்கே வலிக்கிறது, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, விட்டுவிட்டு வருகிறதா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, இரவில் எழுப்புகிறதா, வலிக்கு 0 முதல் 10 வரை எத்தனை மார்க், என்ன மாத்திரை போட்டும் கேட்கவில்லை: இவ்வளவும் வேண்டும். வலிக்கும் இடத்தில் விரலை வைத்து "யை ஹார் வுன்ட் ஹேர்" என்றால் பாதி வேலை முடிந்தது. குத்துது என்றால் ஸ்டிக்கர், எரியுது என்றால் ப்ரென்னர், விண்விண் என்று தெறிக்குது என்றால் பாங்கர்.

"பரவாயில்லை" என்று மரியாதைக்குச் சொல்லக் கூடாது. அப்படியே எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடியுங்கள், ஓய்வெடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஊசியும் ஆன்டிபயாடிக்கும் இல்லாமல் திரும்புவது அங்கே சாதாரணம். அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். கிளம்பும் முன், எத்தனை நாளில் குறையாவிட்டால் வர வேண்டும், எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்டு, எழுதித் தரச் சொல்லி வாங்க வேண்டும்: "கான் டு ஸ்க்ரீவெ டெ நேட்?"

இன்னொன்று: "ஹால்வ் த்ரே" என்று நேரம் கொடுத்தால் அது மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றரைக்குப் போய் நின்றால் நேரமும் போச்சு, காசும் போச்சு.

கே: பெர்கனில் இருக்கும் மகனுக்குச் சர்க்கரை உண்டு. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் எடுத்த ரிப்போர்ட் அங்கே செல்லுமா? மாத்திரையைப் பார்சலில் அனுப்பலாமா? – வாசகர், தென்காசி

ரிப்போர்ட் பயன்படும், அளவுதான் வேறு. நம் சர்க்கரை அளவை 18-ஆல் வகுத்தால் அவர்கள் அளவு: 126 என்பது 7.0. கொலஸ்ட்ரால் 200 என்பது சுமார் 5.2. கிரியாட்டினின் 1 என்பது சுமார் 88. அதைப் பார்த்துக் கிட்னி போய்விட்டது என்று பதற வேண்டாம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5 சதவீதம் அங்கே 48 என்று வரும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கமா போடுவார்கள்: 7,0.

மாத்திரையைப் பார்சலில் அனுப்பாதீர்கள். இந்தியாவிலிருந்து தனியாள் தபாலில் மருந்து வரவழைக்க அங்கே அனுமதி இல்லை, சுங்கத்தில் நின்றுவிடும். இங்குள்ள பிராண்ட் பெயரும் அங்கே யாருக்கும் தெரியாது. சீட்டில் மூலமருந்தின் பெயரும் மில்லிகிராமும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். கிளைகோமெட் என்பதற்குப் பதில் மெட்ஃபார்மின் 500. இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால், எது எவ்வளவு என்று டாக்டரிடம் பிரித்து எழுதி வாங்குங்கள்.

கே: மகள் பிரசவத்துக்கு ஆஸ்லோ போகிறேன். எனக்கு அங்கே வைத்தியம் இலவசமா? – வாசகி, வள்ளியூர்

இல்லை. மகளின் கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்களோ சுற்றுலா விசாவில் போகிறவர். உங்களுக்குக் குடும்ப டாக்டர் கிடையாது, அவசரத்துக்குப் போனாலும் முழுப் பணமும் கட்ட வேண்டும். விசாவுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு அதற்குத்தான். பழைய பிரஷர், சர்க்கரையால் வரும் சிக்கலுக்கும் அது பொருந்துமா என்று பாலிசியில் பார்த்து வாங்குங்கள். மலிவான பாலிசிகள் பல அதை ஒதுக்கிவிடும். தினசரி மாத்திரைகளை அட்டையோடு, சீட்டோடு கைப்பையில் வையுங்கள். டோலோ 650 தீர்ந்தால் கவலை இல்லை, அங்கே சூப்பர் மார்க்கெட்டிலேயே பாராசெட் என்ற பெயரில் அதே பாராசிட்டமால் கிடைக்கும். ஆனால் அது 500 மில்லிகிராம் மாத்திரை.