வாசகர் கேள்வி: ஒருதரம் சரிந்த மலை மறுபடி ஏன் நகர்கிறது?

கேள்வி: தினமும் பேப்பரில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் நீர்மட்டம் பார்க்காமல் எனக்குக் காபி இறங்காது. பல்லாயிரம் வருஷத்துக்கு முன்னால் சரிந்து, அசையாமல் கிடந்த மலை, பக்கத்தில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியதும் மறுபடி நகர்ந்ததாக எங்கோ படித்தேன். விழுந்து கிடப்பது மறுபடி எங்கே விழும்?
(விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

பதில்: அது முழுசாக விழவில்லை அண்ணாச்சி, பாதி வழியில் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். முதல்தரம் சரிந்தபோது அடியில் இருந்த களிமண் படலம் அரைபட்டு, ஆட்டுக்கல் குழி மாதிரி வழவழவென்று ஆகிவிடுகிறது. அப்படித் தேய்ந்த களிமண்ணுக்குப் பழைய பிடிப்பு பெரும்பாலும் திரும்ப வருவதே இல்லை, எத்தனை ஆயிரம் வருஷம் போனாலும். பிறகு எது நிறுத்தி வைத்திருக்கிறது என்றால், சரிந்த மண்ணின் கால்மாட்டுப் பகுதிதான். வண்டிச் சக்கரத்துக்கு அண்டக்கொடுத்த கல் மாதிரி, அது தன் எடையால் மேலே உள்ள பாரத்தைத் தாங்குகிறது. அணை கட்டினால் முதலில் முங்குவதும் அந்தக் கால்மாடுதான்! பாபநாசம் படித்துறையில் குளிக்கும்போது தண்ணிக்குள் கிடக்கும் கல்லைத் தூக்கிப் பாருங்கள், லேசாக வரும். வெளியே எடுத்ததும் கனக்கும். மலையின் காலும் தண்ணீருக்குள் அப்படித்தான் எடை இழக்கிறது. போதாததற்கு, களிமண் படலத்தில் ஏறுகிற நீரழுத்தம் மேலே உள்ள பாறையைத் தூக்கிவிடப் பார்க்கும், உராய்வு இன்னும் குறையும்.

இதற்கு இத்தாலியின் வயோந்த் அணையைவிடக் கொடுமையான உதாரணம் இல்லை. 262 மீட்டர் உயரம். அணையை வடிவமைத்த கார்லோ செமென்சாவின் சொந்த மகன் எதோர்தோ ஒரு புவியியலாளர். இடது கரை மலையில் பழைய பெரிய சரிவு ஒன்று கிடக்கிறது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். 1960 நவம்பரில் மலையில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு விரிசல் விட்டது. அப்போதும் நிறுத்தவில்லை. நீர்மட்டத்தை ஏற்றி இறக்கியே மலையை மெதுவாக நகரவைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். என்ன துணிச்சல் பாருங்கள். 1963 அக்டோபர் 9 இரவு ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் மலை ஒரு நிமிஷத்துக்குள் நீர்த்தேக்கத்தில் வந்து விழுந்தது. எழும்பிய தண்ணீர் அணையைத் தாண்டிப் பாய்ந்து லோங்கரோனே ஊரை வழித்துக்கொண்டு போனதில் ஏறத்தாழ 2,000 பேர் செத்தார்கள். அணைச் சுவரோ இன்றைக்கும் நிற்கிறது.

கேள்வி: அப்போ மலை நகர ஆரம்பித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டால் சரியாகிவிடுமே?
(கல்லிடைக்குறிச்சி வாசகி)

பதில்: எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். வயோந்த் மலை விழுந்ததே தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்த நாட்களில்தான். உங்கள் ஊரில் கன்னடியன் கால்வாய் இருக்கிறதே, தண்ணி நிறைய ஓடும்போது நன்றாக நிற்கிற மண்கரை, மடையை அடைத்து மட்டம் சட்டென்று இறங்கினால் பொத்தென்று சரியும். சின்ன வயசில் ஒரு வாய்க்கால் கரையில் உட்கார்ந்திருந்து, கரையோடு சேர்ந்து சேற்றுக்குள் போனவன் நான், அனுபவத்தில் சொல்கிறேன். வெளியே முட்டுக்கொடுத்த தண்ணீர் போய்விடும், மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் அந்த வேகத்தில் வெளியே வராது. அந்த இடைவெளியில்தான் ஆபத்து.

சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் வருஷந்தோறும் 175 மீட்டருக்கும் 145 மீட்டருக்கும் நடுவே நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. மட்டத்தை இறக்குகிற, மழையும் பிடித்துக்கொள்கிற மாதங்களில் அங்கே பழைய சரிவுகள் சில படிப்படியாக நகர்கின்றன. 2003-ல் முதல்முறையாக 135 மீட்டர் நிரப்பிய சில வாரங்களிலேயே, ஜூலை 13 அன்று, கியான்ஜியாங்பிங் என்ற இடத்தில் மலை சரிந்து 24 பேர் உயிர் போனது. ஆக, ஏற்றும்போதும் கவனம் வேண்டும், இறக்கும்போதும் வேண்டும், இறக்குவதை மெதுவாகச் செய்ய வேண்டும்.

கேள்வி: காரையாறு (பாபநாசம்) அணைப் பக்கம் இப்படி நடக்குமா? ராத்திரி தூக்கம் வரவில்லை.
(அம்பாசமுத்திரம் வாசகர்)

பதில்: தூங்குங்கள். பொதிகை மலைப் பக்கம் பெரும்பாலும் சார்னோக்கைட், நைஸ் போன்ற கெட்டிப் பாறை. வயோந்தில் இருந்தது சுண்ணாம்புப் பாறை, அடுக்கடுக்காக, நடுநடுவே களிமண். நம் மலைச்சாலைகளில் அடைமழைக்கு விழுவது பாறைக்கு மேலே இருக்கிற மண்ணும் உருண்டைக் கல்லும்தான். வண்டியில் போகிறவனுக்கு அதுவும் ஆபத்துதான், ஆனால் அது வேறு கதை. மலையோரத்தில் புதிதாக நீள விரிசல், வரிசையாகச் சாய்ந்த மரங்கள், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, இவற்றில் எதைக் கண்டாலும் தாலுகா ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இதற்கு வைத்தியமும் இருக்கிறது. நியூசிலாந்தில் கிளைட் அணைக்கு மேலே இப்படிப் பழைய சரிவுகள் கிடந்தன. மலைக்குள் கிலோமீட்டர் கணக்கில் சுரங்கம் குடைந்து உள்ளே இருந்த தண்ணீரை வடித்தார்கள். அப்புறம்தான் 1992-ல் தொடங்கி, மலை நகர்கிறதா என்று அளந்து அளந்து, கொஞ்சங்கொஞ்சமாக நிரப்பினார்கள்.